கணினிக் குறிப்பு நூல்: சொல்லடைவு அமைப்பதும் நூலைக் கட்டிச் சேர்ப்பதும்

கணினிக் குறிப்பு நூலை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர் அரிது. வேலை நடுவே தடைப்பட்டு நிற்கும் ஒருவர், ஒரு கட்டளையின் பெயரையோ திரையில் தோன்றிய பிழைச்செய்தியையோ மனத்தில் இருத்திக்கொண்டு நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவை (இன்டெக்ஸ்) புரட்டுகிறார். தேடிய சொல் அங்கே இல்லையென்றால், அந்தச் செய்தி 212ஆம் பக்கத்தில் எவ்வளவு தெளிவாக விளக்கப்பட்டிருந்தாலும், அவரைப் பொறுத்தவரை நூலில் அது இல்லாததுதான். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய ஒரு பகுதி இப்படிக் கண்ணில் படாமலே போவது எனக்குப் பெரிய வருத்தம்.

சொல்லடைவு அமைப்பதும், நூல் வாசகர் கையில் சேரும் வடிவத்தைத் தீர்மானிப்பதும் இரண்டு வேலைகள் போலத் தோன்றினாலும், ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். தாளின் கனம், ஃபாரக் கணக்கு (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிகளின் கணக்கு), கட்டும் முறை, மின்னூல் வடிவம் ஆகிய ஒவ்வொன்றும் சொல்லடைவின் அளவையோ பக்க எண்ணையோ மாற்றிவிடும். இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு காலத்தில் ஒப்படைப்பதால்தான் பெரும்பாலான குறைகள் நேர்கின்றன. எனவே தமிழில் எழுதப்பட்ட, லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைக் கையேடு ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

மூலக்கோப்பிலேயே குறியிடுங்கள்

நான் பணியாற்றிய ஒரு நூலில், சொல்லடைவைக் கையால் தொகுத்து முடித்த பிறகு 2ஆம் இயலில் ஒரு படம் சேர்ந்தது. ஒரு பக்கம் கூடியது. அதற்குப் பின்வந்த பக்க எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிசகின. அச்சான முதல் பிரதியில் ஏதோ ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அதற்குள் எல்லாப் படிகளும் கட்டி முடிந்திருந்தன.

இந்த விபத்தைத் தவிர்க்க ஒரே வழி, பக்க எண்ணை எழுதாமல், சொல் வரும் இடத்திலேயே மூலக்கோப்பில் குறியிடுவது. நூலை அச்சுக்கு அமைக்கும் லேட்டெக் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அதற்கான இன்டெக்ஸ் கட்டளை இருக்கிறது. டாக்புக் என்னும் குறிமொழியில் எழுதுபவர்களுக்கு இன்டெக்ஸ்டெர்ம் என்னும் குறிச்சொல் இருக்கிறது. வேர்டிலும் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும்கூட இதற்கு ஏற்பாடு உண்டு. பக்கம் எத்தனை முறை நகர்ந்தாலும் குறி தன் பத்தியோடு சேர்ந்து நகரும். எண்ணை மென்பொருள் கடைசியில் இட்டுக்கொள்ளும். யூனிகோடு (ஒவ்வொரு எழுத்துக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தரும் முறை) அல்லாத பழைய எழுத்துருவில் பக்கம் அமைக்கும் (டிடிபி) அச்சகமாக இருந்தால், குறியிடும் முன்பே கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அகரவரிசைப்படுத்தும் கட்டத்தில் எந்தக் கருவியும் உதவாது.

கணினி நூலுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. லேட்டெக்குடன் வரும் மேக்இன்டெக்ஸ் நிரலில் ! என்பது ஒரு தலைச்சொல்லின் கீழ் வரும் துணைப்பதிவைப் பிரிக்கும் குறி. @ என்பது வரிசைப்படுத்தும் சொல்லையும் அச்சாகும் சொல்லையும் பிரிக்கும் குறி. | என்பது பக்க எண்ணின் தோற்றத்தைச் சொல்லும் குறி. கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல்லைப் பற்றிய நூலிலோ இந்த மூன்றும் விளக்கப்பட வேண்டிய பொருள்களே. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாய்க் குறியான | என்பதைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, அதைச் சொல்லடைவில் அப்படியே இட்டால், நிரல் அதைத் தனக்கிட்ட ஆணையாக எடுத்துக்கொள்ளும். பதிவு உருக்குலையும் அல்லது ஒதுக்கப்படும். இத்தகைய குறி ஒவ்வொன்றின் முன்னும் " என்னும் மேற்கோள் குறியை இட்டால்தான் அது வெறும் எழுத்தாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு முறையும் நிரல் எழுதிவைக்கும் பதிவேட்டுக் கோப்பைத் திறந்து, ஏற்கப்பட்டவை எத்தனை, ஒதுக்கப்பட்டவை எத்தனை என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எந்தச் சொல்லை எடுப்பது

நூலில் வரும் சொற்களையெல்லாம் நிரலால் பொறுக்கிவிட்டால் சொல்லடைவு ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களின் இறுதியில், தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் மாறிமாறி முன்னே நிறுத்தி வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பழைய யூனிக்ஸ் இயங்குதளக் கையேடுகளின் முகப்பில் இருந்த அடைவும் இதே வகைதான். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே வரியில் விளக்கம் இருந்ததாலும், அந்த வரி கச்சிதமாக எழுதப்பட்டதாலும் அது அங்கே நன்றாக வேலை செய்தது.

தமிழில் இந்த வழி எடுபடாது. கோப்பு என்னும் சொல் உரையில் கோப்பை, கோப்பில், கோப்பினுடைய, கோப்புகளுக்கு என்று வேற்றுமை ஏற்று வருகிறது. கோப்பு என்று தேடினால் கோப்பை என்பது விடுபடும். ஆனால் கோப்புறை என்னும் வேறொரு பொருள் உள்ளே வந்துவிடும். சொல் இருக்கும் இடமெல்லாம் பொருள் இருக்கும் இடம் ஆகாது என்பதும் உண்டு. கோப்பு என்ற சொல் 300 பக்கங்களில் வரலாம். கோப்பின் அனுமதிகளைப் பற்றிய விளக்கம் ஆறே பக்கங்களில் இருக்கும். அந்த ஆறு பக்கங்களை எடுத்துக் காட்ட, நூலைப் புரிந்துகொண்ட மனிதர் ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

படிக்கும்போது வாசகர் எந்தச் சொல்லோடு வருவார் என்ற கேள்வியையே ஒவ்வொரு பத்திக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். நூலில் வழங்கி என்று எழுதியிருப்பீர்கள். அவர் சர்வர் என்று தேடுவார். உலாவி என்று எழுதியிருப்பீர்கள்; அவர் பிரௌசர் என்பார். இரண்டு மூன்று பக்க எண்கள் மட்டுமே உள்ள பதிவாக இருந்தால், “சர்வர்: வழங்கி காண்க” என்று அவரை இன்னொரு பக்கத்துக்கு அனுப்பாமல், இரண்டு சொல்லுக்குக் கீழும் பக்க எண்ணையே கொடுத்துவிடுங்கள்; வரிகளின் எண்ணிக்கையும் அதிகமாகாது, அவருக்கும் ஓர் அலைச்சல் மிச்சம். துணைப்பதிவுகள் பல உள்ள பெரிய பதிவுக்கு மட்டும் “காண்க” என்று எழுதினால் போதும்.

பிழைச்செய்திகளை நூலாசிரியர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். திரையில் “பெர்மிஷன் டினைடு” என்று வந்ததைப் பார்த்துவிட்டு நூலைத் திறப்பவருக்கு, அதே சொற்கள் திரையில் இருந்த எழுத்திலேயே சொல்லடைவில் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்ப்பான “அனுமதி மறுக்கப்பட்டது” என்பதும் தனிப்பதிவாக இருக்கலாம். ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் பயனில்லை.

குறியீடுகளுக்கும் இரட்டைப் பதிவு தேவை. கடைசிக் கட்டளையின் முடிவு நிலையைக் காட்டும் $? என்பதன் பெயர் தெரியாதவர் அதன் உருவத்தை வைத்துத்தான் தேட முடியும். எனவே எழுத்துகள் தொடங்கும் முன் குறியீடுகளுக்கென ஒரு பகுதி இருக்க வேண்டும். “முடிவு நிலை” என்ற கருத்தோடு வருபவருக்காக அதே பக்க எண் மு வரிசையிலும் இருக்க வேண்டும். கழித்தல் குறியோடு வரும் ஆப்ஷன்களைத் தனியே வரிசைப்படுத்தினால் ஒரே எழுத்து இருபது கட்டளைகளுக்குப் பொதுவாகிவிடும். அவற்றை அந்தந்தக் கட்டளையின் கீழ்த் துணைப்பதிவாக வையுங்கள். சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் லினக்ஸில் பொருள் வேறு என்பதால், வரிசைப்படுத்தும் கருவி அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஒரே பெயரில் கட்டளையும் சி மொழி நூலகச் சார்பும் (ஃபங்ஷன்) இருந்தால், யூனிக்ஸ் கையேட்டு மரபுப்படி முன்னதை (1) என்றும் பின்னதை (3) என்றும் குறித்தால் குழப்பம் தீரும்.

ஒரு தலைச்சொல்லுக்குப் பின் பக்க எண்கள் வரிசையாக ஆறேழுக்கு மேல் போனால் அந்தப் பதிவு வாசகருக்கு உதவவில்லை என்று பொருள். “கோப்பு, 14, 31, 47, 88, 102, 156, 203, 290” என்பதைப் பார்ப்பவர் எட்டு முறை நூலைப் புரட்ட வேண்டும். அதை அனுமதி, இடமாற்றம், சுருக்குதல், தேடுதல் என்று துணைப்பதிவுகளாக உடையுங்கள். கட்டளை முழுமையாக விளக்கப்படும் பக்கத்தைத் தடித்த எண்ணாகவும், வெறும் எடுத்துக்காட்டில் பயன்படும் பக்கத்தைச் சாதாரண எண்ணாகவும் அச்சிடுவதும், அப்படிச் செய்திருப்பதைச் சொல்லடைவின் தலைப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவதும் நல்லது.

ஒரே சொல்லடைவா, பலவா என்ற கேள்விக்கு ஆங்கில நூல்களில் பொதுவாக ஒன்றே சிறந்தது என்பார்கள். குனு திட்டத்தின் ஆவண அமைப்பு மென்பொருளான டெக்ஸ்இன்ஃபோ, கருத்து, சார்பு, மாறி, விசை, நிரல், தரவு வகை என ஆறு அடைவுகளுக்கு முன்கூட்டியே இடம் வைத்திருக்கிறது. வேண்டுமானால் அவற்றை ஒன்றாக இணைத்துக்கொள்ளும் வசதியையும் தருகிறது. தமிழ் நூலுக்கு இரண்டு அடைவுகளை நான் பரிந்துரைக்கிறேன்: ரோமன் எழுத்தில் கட்டளைகளுக்கும் பிழைச்செய்திகளுக்கும் ஒன்று, தமிழில் கருத்துகளுக்கு ஒன்று. எழுத்து முறையே வேறு என்பதால் எதில் தேடுவது என்ற ஐயம் வாசகருக்கு வராது.

அகரவரிசை தானாக வராது

தமிழ்க் கணினி நூல்களில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். யூனிகோடு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் தமிழ் அகரவரிசை கிடைக்காது. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன வருகிறது; ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ என்று வந்து, அவற்றுக்குப் பின்தான் வ வருகிறது. அகராதி மரபிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே வரிசை. வரி, வலை, வழு, வளையம், வன்பொருள் என்ற ஐந்து சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி வரிசை இதுவே. யூனிகோடு எண்ணின்படி அடுக்கினால் வன்பொருள் முதலில் வந்து நிற்கும். வளையம் வழுவுக்கு முன்னே போய்விடும்.

மெய்யெழுத்து இன்னொரு தொல்லை. அகராதியில் ட் என்பது ட, டா, டு ஆகியவற்றுக்கு முன் வரும். ஆகவே “அட்டவணை” என்ற சொல் முன்னும் “அடுக்கு” என்ற சொல் பின்னும் இருக்க வேண்டும். யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது என்பதால் இது தலைகீழாகிவிடும். ஜாவா போன்ற கிரந்த எழுத்துச் சொற்கள் அகராதி மரபில் ன-வுக்குப் பின் இறுதியில் வர வேண்டியவை. எண்வரிசையில் ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையே புகுந்துவிடும். ஃபயர்வால் போல ஆய்தத்தில் தொடங்கும் சொற்கள் அ-வுக்கும் முன்னே போய் நிற்கும். இவற்றைப் ப வரிசையில் சேர்ப்பதே வாசகருக்கு எளிது என்பது என் கருத்து. எப்படிச் செய்தாலும் தலைப்பில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

தீர்வு கடினமானதன்று. யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு என்னும் மென்பொருள் நூலகத்தில் தமிழுக்கான வரிசை விதிகள் இருக்கின்றன. லேட்டெக் பயனர்கள் மேக்இன்டெக்ஸுக்குப் பதிலாக, ஐசியுவைச் சார்ந்து இயங்கும் அப்மென்டெக்ஸைப் பயன்படுத்தலாம். மேலே சொன்ன ஐந்து சொற்களையும் அட்டவணை, அடுக்கு, ஜாவா ஆகியவற்றையும் கலைத்துப்போட்டு ஒரு சோதனைக் கோப்பாக வைத்துக்கொண்டால், எந்தக் கருவியையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

வரிசைப்படுத்தும் முன் இன்னொன்றையும் செய்ய வேண்டும். கொ என்னும் எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கக்கூடும்: க-வும் ஒரே ஒகரக் குறியும் சேர்ந்ததாக ஒன்று, க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு அவை வேறு. இருவர் இரு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்த நூலில், “தொகுப்பி” என்னும் பதிவு அடுத்தடுத்து இரண்டு முறை அச்சாகியிருந்தால் காரணம் இதுவாகவே இருக்கும். கோப்பு முழுவதையும் யூனிகோடு இயல்பாக்கத்துக்கு (இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் செயல்) உட்படுத்திவிட்டால் அது மறைந்துவிடும்.

ஃபாரம், தாள், கட்டு

நம் எடுத்துக்காட்டு நூலில் முன்பக்கங்கள் 12, உள்ளடக்கம் 428, ஆக 440 பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம் என்றால் 28 ஃபாரத்தில் 448 பக்கம். சொல்லடைவுக்கு மிஞ்சுவது 8 பக்கம். பக்கத்துக்குச் சராசரியாக 5 சுட்டுகள் (சொல்லடைவில் அந்தப் பக்கத்தைக் காட்டும் எண்கள்) என்று கொண்டால் இரண்டாயிரத்துக்கு மேல் சுட்டுகள் சேரும். ஒரே வரியில் பல எண்கள் அமையும் என்பதைக் கழித்தாலும் ஏறத்தாழ 1,500 வரிகள் வேண்டும். பக்கத்தை இரண்டு செங்குத்துப் பத்தியாகப் பிரித்து, பத்திக்கு 40 வரி என்று அமைத்தால் அது 19 பக்கம். 8 பக்கத்துக்குள் அதை அடைக்க எழுத்தைச் சிறிதாக்குவதும் பதிவுகளை வெட்டுவதும் வழக்கமாக நடக்கிறது, அது தவறு. 29 ஃபாரமாக்கி 464 பக்கம் என்று முடிவு செய்யுங்கள். சொல்லடைவுக்கு 24 பக்கம் கிடைக்கும். மிஞ்சும் பக்கங்களில் கட்டளைச் சுருக்க அட்டவணை ஒன்றை வைக்கலாம். இந்தக் கணக்கை விலை நிர்ணயிக்கும் நாளிலேயே போட்டுவிட வேண்டும்.

அட்டையின் முதுகை அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும். அச்சிடப்போகும் அதே தாளில் நூறு தாளை அடுக்கி அழுத்தி அளந்து, அது 9 மில்லிமீட்டர் என்றால், 464 பக்கத்துக்கான 232 தாள் சுமார் 21 மில்லிமீட்டர் வரும். சொல்லடைவைக் கணக்கில் சேர்க்காமல் அட்டை செய்தால் முதுகு ஒரு மில்லிமீட்டர் குறைந்து, தலைப்பெழுத்து முன்னட்டைப் பக்கம் வழிந்துவிடும்.

தாளின் கனத்தில் ஒரு இழுபறி உண்டு. டெமி என்னும் நூல் அளவில் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் இந்த நூலின் உட்தாள் மட்டுமே ஏறக்குறைய 490 கிராம். அட்டையும் உறையும் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டும். பல கூரியர் சேவைகளில் கட்டணம் அரைக் கிலோ படிகளாக ஏறுகிறது. 60 ஜிஎஸ்எம்முக்கு இறங்கினால் 70 கிராம் மிச்சமாகும். ஆனால் நிரல் வரிகள் பின்பக்கத்திலிருந்து நிழலாகத் தெரியும். முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் பொருளை மாற்றும் ஒரு நூலில் அந்த நிழலை ஏற்கவே கூடாது என்று நான் கருதுகிறேன்.

கட்டும் முறையிலும் சமரசம் தேவைப்படுகிறது. குறிப்பு நூல் விசைப்பலகைக்கு அருகே விரிந்து கிடக்க வேண்டும். சாதாரணப் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் 460 பக்க நூலை அழுத்தி விரித்தால் முதுகு வெடித்துத் தாள் கழலும். ஃபாரங்களைத் தைத்துக் கட்டுவது மேல். செலவு கட்டுப்படியாகாவிட்டால், விரித்தாலும் எளிதில் வெடிக்காத பியுஆர் வகைப் பசையைக் கேட்டுப் பாருங்கள். கம்பி வளையங்களால் கோக்கும் வயர்-ஓ கட்டு நன்றாக விரியும், ஆனால் முதுகில் பெயர் இராது. நூலகமும் கடையும் அதை விரும்புவதில்லை.

ஒரு காலத்தில் இதற்கு வேறு தீர்வு இருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கையேடுகள் வளையக் கோப்பாக உறைப்பெட்டியில் செருகி வந்தன. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளக் கையேடுகள் அலமாரியை அடைத்து நின்றதால், நிறத்தை வைத்து ஆரஞ்சுச் சுவர், சாம்பல் சுவர் என்றே பயனர்கள் அவற்றைக் குறிப்பிட்டார்கள். மென்பொருள் மாறும்போது சில தாள்களை மட்டும் அனுப்பி மாற்றிக்கொள்ளச் செய்யலாம் என்பதற்காக இத்தகைய கையேடுகளில் 3-14 என்று இயல்வாரியாகப் பக்க எண் இட்டார்கள். நிறுவனத்துக்குள் புழங்கும் கையேட்டை வளையக் கோப்பாக வைப்பவர்களுக்கு இன்றும் அந்த முறை பொருந்தும். மாற்றுத் தாள்களோடு சொல்லடைவின் தாள்களையும் அனுப்ப மறக்கக் கூடாது என்பதே அதில் முக்கியம்.

மின்னூலும் நிரல் தொகுப்பும்

ஈபப் மின்னூலில் எழுத்தின் அளவை வாசகர் மாற்றும்போது பக்கமும் மாறுவதால், அச்சுப் பக்க எண் அங்கே எதையும் சுட்டாது. மூலக்கோப்பில் குறியிட்டிருந்தால் ஒவ்வொரு சுட்டும் அந்தப் பத்திக்கே செல்லும் இணைப்பாக அமையும். எண்ணுக்குப் பதிலாக 7.3 போன்ற பகுதி எண்ணைக் காட்டுவது நல்லது. தேடல் வசதி இருக்கிறதே, சொல்லடைவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கோப்பு என்று தேடி 300 முடிவுகள் வந்து விழுவதைக் காட்டினாலே போதும். ஈபப் என்பது உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பு. அதில் மைம்டைப் என்னும் கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். கையால் திருத்தி மீண்டும் சுருக்கும்போது இந்த விதி மீறப்பட்டு, கடைகளின் சோதனையில் நூல் திருப்பி அனுப்பப்படுவது உண்டு. மின்னூலுக்குத் தனி ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) வாங்க வேண்டும்.

முன்பு பின்னட்டையின் உட்புறம் குறுந்தகடு ஒட்டி வந்த இடத்தில் இப்போது நிரல் தொகுப்பின் பதிவிறக்க முகவரி வருகிறது. அந்த முகவரி உங்கள் சொந்தத் தளத்தில் இருக்கட்டும்; பிறருடைய நீண்ட இணைப்பை அச்சிட்டால் அது என்று மாறும் என்று சொல்ல முடியாது. தொகுப்பில் கோப்புறைகளின் பெயர் இயல் எண்ணோடு பொருந்த வேண்டும். சில பழைய கருவிகள் ஜிப்பிலுள்ள தமிழ்ப் பெயர்களைச் சிதைத்துவிடுவதால் கோப்புப் பெயர்களை ரோமன் எழுத்திலேயே வையுங்கள். அச்சுப் பக்கத்தில் உள்ள நிரலைத் தொகுப்பில் உள்ள கோப்பிலிருந்தே நேராக எடுத்து அமையுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருள் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும், இரட்டைக் கழித்தலை நீண்ட கோடாகவும் மாற்றிவிடும் தொல்லை அப்போதுதான் கண்ணில் படும். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு நூல் எழுதப்பட்டது என்பதை முன்னட்டையிலேயே அச்சிடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்

இறுதி மெய்ப்பு வந்தபின் சொல்லடைவை இரண்டு விதமாகச் சோதியுங்கள். முதலில், இருபதுக்கு ஒன்றாகப் பதிவுகளை எடுத்து, அந்தப் பக்கத்துக்குப் போய் அந்தச் செய்தி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து இரண்டு பிசகினால் முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டும். அடுத்து, நூலைப் படிக்காத, ஆனால் கணினியில் வேலை செய்யும் ஒருவரிடம் பத்துக் கேள்விகள் எழுதித் தரச் சொல்லி, சொல்லடைவை மட்டும் வைத்து விடை தேடும்படி கேளுங்கள். அவர் எந்தச் சொல்லை முதலில் தேடினார், எது கிடைக்காமல் அடுத்ததற்குப் போனார் என்பதை அருகில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காத சொற்கள் ஒவ்வொன்றும் மூலக்கோப்பில் புதிய குறியாக இடம்பெற வேண்டும்.

நூல் வெளிவந்த பிறகும் உங்கள் மேசைப் பிரதி ஒன்றின் சொல்லடைவு ஓரத்தில், வாசகர்கள் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதும் சொற்களைக் குறித்துவாருங்கள். அடுத்த பதிப்புக்குக் கோப்பைத் திறக்கும் நாளில் முதலில் சேர்க்க வேண்டியவை அவையே.